பார்த்தவர் சொல்லட்டும்

'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பார்க்காத பழைய சினிமா ரசிகர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். ஆனால் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிக் கைகள் மடியிலேயே கிடக்கும். 1948-இல் எஸ்.எஸ். வாசன் ஜெமினியில் எடுத்த அந்தப் பிரம்மாண்டம் நமக்குச் சில நிமிடத் துண்டாகவே பழக்கம். வரிசை வரிசையாக முரசுகள், அவற்றின்மேல் ஆடும் பெண்கள், பிறகு முரசுகளுக்குள்ளிருந்து பாய்ந்து வரும் வீரர்கள். சந்திரலேகா அந்த ஆட்டத்துக்கு ஏன் சம்மதித்தாள், படத்துக்குள் சர்க்கஸ் எப்படி வந்தது என்றெல்லாம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஆனாலும் அதைக் காவியம் என்று சொல்ல யாருக்கும் நா கூசுவதில்லை.

நான் வளர்ந்த வீட்டில் இதற்கு நேர்மாறான ஆட்கள் இருந்தார்கள். காசு கொடுத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை என்றால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது, எந்த விருது கிடைத்தது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. உலகம் கொண்டாடிய சில படங்களை அவர்கள் திட்டித் தீர்த்ததைக் கேட்டுத்தான் நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

முதல் வழக்கு அப்பாவுடையது. எதிர்த்தரப்பு, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. 1954-இல் ஏவி.எம். தயாரித்து வந்த படம். அப்பாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது, ஊர் கும்பகோணம். அதே வருடம் மார்ச் மாதம்தான் 'மனோகரா' வந்திருந்தது. சங்கிலியில் கட்டுண்டு சிவாஜி முழங்கிய வசனத்தை அப்பாவும் சேக்காளிகளும் காவிரிப் படித்துறையில் நின்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சூட்டோடு அடுத்த சிவாஜி படத்துக்குப் போனால், படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுகிறார்.

"டிக்கெட்டு வாங்கி உள்ள போய் ஒழுங்கா உக்காரக்கூட இல்ல, ஹீரோவை முடிச்சுட்டான்" என்பார் அப்பா. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. அதைவிடப் பெரிய கோபம் பாட்டுப் புத்தகத்தைப் பற்றியது. அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் கதைச் சுருக்கமும் பாடல் வரிகளும் அச்சடித்த மெல்லிய புத்தகம் விற்பார்கள். அதை வாங்கினால்தான் படம் பார்த்ததாகவே கணக்கு. 'அந்த நாளு'க்குப் போன அப்பா பாட்டுப் புத்தகம் கேட்டதற்கு, முறுக்குக் கடைக்காரர் சிரித்திருக்கிறார். படத்தில் பாட்டே இல்லை. நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாடலே இல்லாமல் வந்த முதல் படம் அதுதான். வீணை வித்வான் ஒருவர் இயக்கிய படம் அப்படி இருந்தது அப்பாவுக்கு ஆறாத வருத்தம். "வீணைக்காரனே பாட்டு வேணாங்கறான்னா நாம எங்க போறது?"

அப்பா சொன்ன குறை ஒவ்வொன்றும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டதும் உண்மைதான். சென்னைமீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943 அக்டோபர் நாட்களில் கதை நடக்கிறது. இறந்தவன் ரேடியோ எஞ்சினியர் ராஜன். ஜாவர் சீதாராமன் எழுதி, அவரே துப்பறியும் அதிகாரியாக வருகிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒரு ராஜனை நம் முன்னால் வைக்கிறார்கள். குரோசவாவின் 'ரஷோமோன்' வெளிவந்து நான்கு வருடங்களே ஆகியிருந்தன. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அழகான முகத்தோடு சிவாஜி இங்கே செய்திருக்கும் ராஜனைப் போன்ற ஒரு பாத்திரத்தை ஏற்க அன்றைய கதாநாயகர்களில் எத்தனை பேர் துணிந்திருப்பார்கள் என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. சுட்டது யார் என்று இங்கே சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் இருக்கிறீர்கள்.

அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், "இவ்வளவு திட்டறீங்களே, பாதியிலயே எழுந்து வந்திருக்கலாமே?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சுட்டான்னு தெரியாம எப்படிடா வர்றது?" பிடிக்காத படம் அவரைக் கடைசி நிமிடம்வரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பாராட்டு பாலசந்தருக்குக் கிடைத்திருக்குமா, தெரியவில்லை.

இரண்டாவது வழக்கு சித்தப்பாவுடையது, கொஞ்சம் சிக்கலானது. 1978 தீபாவளி. புதுச் சட்டையோடு, கமலும் ரஜினியும் சேர்ந்து நடித்த படம் என்று நம்பி 'அவள் அப்படித்தான்' பார்க்கப் போனார். ருத்ரய்யாவின் முதல் படம். கறுப்பு வெள்ளை. கமல் ஆவணப்படம் எடுப்பவராக வந்து நிதானமாகப் பேசுகிறார். ரஜினி நெற்றியில் விபூதியும் கையில் கோப்பையுமாகப் பெண்களைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். ஸ்ரீபிரியாவின் மஞ்சு இருவருக்கும் பிடிகொடுக்காமல், தன் காயங்களைத் தானே சுமந்துகொண்டு நடக்கிறாள். "தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்குது, இவனுங்க ரூமுக்குள்ள உக்காந்து பேசிட்டே இருக்கானுங்க" என்று சித்தப்பா சொன்னது எங்கள் வீட்டில் பழமொழியாகிவிட்டது. யாராவது ரொம்ப நேரம் பேசினால், "என்ன, அவள் அப்படித்தானா?" என்போம்.

பிற்பாடு அதே படத்தைத் தமிழின் ஆகச் சிறந்த படங்களில் ஒன்றாக எல்லாப் பட்டியல்களும் சேர்த்துக்கொண்டன. நானும் சேர்ப்பேன். மஞ்சுவைப் போல ஒரு பெண் தமிழ்த் திரையில் அதற்கு முன்னால் அப்படிப் பேசியதில்லை. ஆனால் ருத்ரய்யா அதற்குப் பிறகு 'கிராமத்து அத்தியாயம்' என்ற ஒரே படத்தைத்தான் எடுக்க முடிந்தது. 2014-இல் அவர் காலமானபோது இரங்கல் கட்டுரைகளில் கண்ட புகழில் கொஞ்சம் அவர் உயிரோடு இருந்தபோது பணமாகக் கிடைத்திருந்தால் மூன்றாவது படம் வந்திருக்கும். பார்வையாளனின் அதிருப்திக்கு விலை உண்டு, அந்த விலையைக் கட்டுபவர் இயக்குநர் என்பதை மறுக்க முடியாது. அதற்காகச் சித்தப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. அவராவது டிக்கெட் எடுத்தார். பின்னால் கட்டுரை எழுதியவர்களில் எத்தனை பேர் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள்?

தூர்தர்ஷன் வந்த பிறகு வீட்டுக்குள்ளேயே சினிமா வந்தது. ஞாயிறு மதியம் பிராந்திய மொழிகளில் விருது வாங்கிய படங்களைப் போடுவார்கள். மாலையில் வரப்போகும் தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கும் தெரு, மதியம் மட்டும் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூங்கவிட்டுவிடும். எங்கள் வீட்டில் நானும் கொட்டாவி விடும் பூனையும்தான் பார்வையாளர்கள். அசாமிய மொழியில் யாரோ ஒருவர் நெடுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கீழே ஆங்கில எழுத்துகள் ஓடும். அண்டை வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "டிவி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அப்படி ஒரு மதியம் பாலு மகேந்திராவின் 'வீடு' ஓடியது. இந்த முறை அப்பாவும் வந்து உட்கார்ந்தார், தமிழ்ப் படம் என்பதால். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா சொந்தமாக வீடு கட்டத் துணிகிறாள். கடன், நகை, காண்ட்ராக்டர், திருட்டுப்போகும் சிமென்ட். பாட்டு கிடையாது. இளையராஜாவின் இசை பின்னால் மட்டும் ஒலிக்கிறது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக, பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வெயிலில் தனியாகக் கிளம்பிப் போகிறார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அந்த இடத்தில் அப்பா எழுந்து போய்ப் பெட்டியை அணைத்துவிட்டார்.

எங்கள் வீடு கட்டி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சிமென்ட்டுக்கு பர்மிட் வாங்க அப்பா அலுவலக வாசல்களில் நின்ற காலம் அது. தளம் போட வேண்டிய நாளில் மேஸ்திரி வராமல் போனதும், இறக்கிவைத்த ஜல்லி மழையோடு தெருவில் போனதும், அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாததும் எல்லோருக்கும் ஞாபகத்தில் இருந்தன. நான் கத்தினேன். அப்பா அமைதியாகச் சொன்னார்: "நல்ல படம்தான். எனக்கு வேண்டாம்."

வேறு எந்த விமர்சகரும் 'வீடு' படத்தை இவ்வளவு சரியாக மதிப்பிட்டதாக நான் படித்ததில்லை. அந்தப் படத்துக்கு தேசிய விருது கிடைத்தது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. அப்பா கொடுத்த விருது பெட்டியை அணைத்தது. ஒரு படம் பொய் சொல்வதால் பிடிக்காமல் போவது ஒரு வகை. அளவுக்கு மேல் உண்மை சொல்வதால் தாங்க முடியாமல் போவது வேறு வகை. இரண்டையும் 'பிடிக்கல' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, மக்களுக்கு ரசனை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

அம்மாவும் இதே வகை. 1969-இல் வந்த 'துலாபாரம்' அவருக்கு ஆகாத படம். வின்சென்ட் முதலில் மலையாளத்தில் எடுத்து, பிறகு தமிழில் எடுத்தது. பசி தாங்காத குழந்தைகளுக்குத் தாயே விஷம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் சாகாமல் நீதிமன்றத்தில் நிற்கும் கதை. சாரதா நடிக்கிறார் என்றே தோன்றாது. கைக்குழந்தையோடு போன அம்மா, "அந்தப் படத்தோட பேரை எடுக்காதே" என்று அதற்குப் பிறகு எப்போதும் சொல்வார். பேரை எடுத்தால் போதும், காட்சி காட்சியாக அவரே சொல்லத் தொடங்கிவிடுவார். பிடித்த படங்களின் கதையை அம்மா மறந்துபோனார். பிடிக்காத இந்தப் படத்தில் ஒரு வசனம்கூட மறக்கவில்லை.

கல்லூரிக்குத் திருச்சிக்குப் போனபோது நான் வேறு ஒரு நாட்டுக்குப் போனேன். அங்கே ஒரு ஃபிலிம் சொசைட்டி. வாடகைக் கூடத்தில் பதினாறு எம்.எம். புரொஜெக்டர், இரும்பு நாற்காலிகள், ரீல் மாற்றும் இடைவெளியில் வெளியே ஓடிப்போய் ஒரு டீ. அங்கே யாரும் 'பிடிக்கல' என்று சொல்லமாட்டார்கள். படம் முடிந்ததும் ஒரு நிமிட மௌனம், பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரேமிங் கவனிச்சீங்களா?" என்று தொடங்குவார். முக்கால் படம் தூங்கியவர்களும் தலையாட்டுவார்கள். பெர்க்மனைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நண்பர் ஒருவர் இருந்தார். அவர் பார்த்த பெர்க்மன் படம் எது என்று கேட்டேன். "புத்தகம் எல்லாம் படிச்சிருக்கேன்" என்றார். திண்ணையில் வளர்ந்த எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை அங்குதான் பார்த்தேன். துர்காவும் அப்புவும் நாணல் பூக்களுக்கு நடுவே ரயிலைப் பார்க்க ஓடும் காட்சி என்னை ஆட்கொண்டுவிட்டது. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, கூட வந்த அறைத் தோழன் மெல்லச் சொன்னான், "எங்க ஊர்ல இதைத் தினம் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். மழையில கூரை ஒழுகறதுல என்னடா அழகு?" அவன் சொன்னதை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். 1955-இல் வந்த அந்தப் படம் அடுத்த ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருது வாங்கியது என்று ஒருவர் பாடம் எடுத்தார்.

விருதைக் காட்டி வாயடைக்க வேண்டிய அளவுக்கு அவன் சொன்னது அற்பமானதல்ல. அதே குற்றச்சாட்டை 1980-இல் மாநிலங்களவையில் எழுப்பியவர் நர்கிஸ். வெளிநாட்டுக்காரர்கள் இந்தியாவை வறுமையில் பார்க்க ஆசைப்படுவதால்தான் சத்யஜித் ராயின் படங்கள் அங்கே எடுபடுகின்றன என்பது அவர் வாதம். 'மதர் இந்தியா'வில் சேற்றில் இறங்கித் தானே ஏர் இழுத்தவர் சொன்ன வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துர்காவின் சாவை ராய் விற்பனைக்கு வைக்கவில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நர்கிஸோடு சண்டை போட எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வறுமையை யார் காட்டலாம், யாருக்குக் காட்டலாம் என்ற கேள்வியோடு மோத வேண்டியிருக்கிறது. "ஆஹா, மாஸ்டர்பீஸ்" என்று தலையாட்டுகிறவரோடு என்ன சண்டை போடுவது?

என் பங்குக்கு எனக்குப் பிடிக்காத காவியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 'சிட்டிசன் கேன்'. 1941-இல் ஆர்சன் வெல்ஸ் தன் இருபத்தைந்து வயதில் எடுத்து முடித்தது. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் முன்னால் இருப்பவரும் கடைக்கோடியில் இருப்பவரும் ஒரே துல்லியத்தில் தெரிவதும், அறைகளின் கூரை தெரியும்படி கேமராவைத் தாழ வைத்ததும் சினிமாவையே மாற்றிய காரியங்கள். அதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தேன். பின்னால் தேடிப்பிடித்து மறுபடியும் பார்த்தேன். வியக்கிறேன், ரசிக்க முடியவில்லை. கேன் என்ற மனிதனுக்காக ஒரு கணம்கூட எனக்கு வலிக்கவில்லை. படம் தன் சாமர்த்தியத்தைத் தானே பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போது நான் வெளியே நிற்கிறேன். அது வந்த காலத்தில் ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதைக்கு மட்டும்தான் பரிசு கிடைத்தது, வசூலும் தேறவில்லை.

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1952-இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. அது 1958-இல் வந்தபோது விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கிய படம். 2022-இல் ஷான்டால் அக்கெர்மனின் 'ஜான் டீல்மன்'. ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும் 1975-ஆம் ஆண்டுப் படம். உலகத்தின் தலைசிறந்த படம் எது என்பதில் விமர்சகர்களே இப்படி மனம் மாறும்போது, என் சித்தப்பா மட்டும் ஒரே தீபாவளியில் சரியாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

பார்க்காத படங்களில் இன்னொரு வகை உண்டு. பார்க்கவே முடியாதவை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். 1931-இல் வந்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதல் படம். இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. நாகர்கோவில்காரரான சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற 1933-ஆம் ஆண்டு மௌனப்படம் மிஞ்சியதற்குக் காரணம் அது தோற்றதுதான். நாவலின் பதிப்பாளர் காப்புரிமை வழக்குப் போட்டுப் படத்தை முடக்கினார். ஓடித் தேயாத பிரதி புத்தகக் கிடங்கில் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்துப் புனே ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று பாலு மகேந்திரா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். தன் 'வீடு' படத்தின் நெகட்டிவைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை என்பது அவருடைய துயரம். புகழ்ந்து பேசுவதற்கு எந்தச் செலவும் இல்லை. பாதுகாப்பதற்குக் குளிரூட்டிய அறையும் கரன்ட் பில்லும் வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்வது என் மகள். 'அந்த நாள்' படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "செம படம்ப்பா, தாத்தாவுக்கு ஏன் பிடிக்கல?" என்றாள். 'பாசமலர்' பார்க்கும்போது மட்டும் பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை. சிவாஜியும் சாவித்திரியும் உருகுகிற இடத்தில் அம்மா கண்ணைத் துடைக்க, இவள் சிரித்துவிட்டாள். "பாட்டி, ரெண்டு பேரும் உக்காந்து அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே!"

அம்மா கோபப்படவில்லை. "பேசினா முடிஞ்சிருக்கும்தான். உங்க தாத்தாவும் அவர் தங்கச்சியும் இருந்தாங்களே, வருஷக்கணக்கா பேசல. எதுக்குன்னு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு." மகள் பதில் பேசாமல் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். அப்போதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பதை இந்த முறை தெளிவாகச் சொன்னாள்: தங்கைக்காக அண்ணன் படும் பாட்டையெல்லாம் காட்டும் படம், அந்தத் தங்கை என்ன நினைக்கிறாள் என்று ஓர் இடத்தில்கூட நின்று கேட்கவில்லை என்றாள். பீம்சிங்கின் படத்துக்கு 1961-இலிருந்து எத்தனையோ பாராட்டுகள் வந்திருக்கும். என் அம்மாவின் கண்ணீருக்கும் என் மகளின் ஆட்சேபத்துக்கும் நான் சம மதிப்பெண் போடுவேன். இரண்டும் படத்தைப் பார்த்ததால் வந்தவை.

பழைய படங்களைக் கொல்வது அவற்றைத் திட்டுகிறவர்கள் அல்ல. பார்க்காமலே கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான். கும்பிடப்படும் படத்தை யாரும் திரையிடக் கேட்பதில்லை, அதன் பிரதி எங்கே இருக்கிறது என்றும் விசாரிப்பதில்லை. ஆகவே, பேர்பெற்ற படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, துண்டு துண்டாக அல்லாமல், தொடக்கத்திலிருந்து 'வணக்கம்' போடும்வரை பாருங்கள். பிடித்தால் நான்கு பேருக்குச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் எந்த இடத்தில், எதனால் என்று எட்டுப் பேருக்குச் சொல்லுங்கள். பார்க்காத படத்தை மட்டும் தயவுசெய்து புகழாதீர்கள்.